நூற்றுப் பதினொன்று

ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரி. இரவு ஒன்றேகால்.
மெஷின் சொன்னது: சோடியம் 111.
நம்பவில்லை.
குழாயில் ஒட்டிய பெயரைச் சரிபார்த்து
மறுபடி ஓட்டினேன்.
நூற்றுப் பதினொன்று.

சுயம்புகனி, ஐம்பத்து நாலு, சாமிதோப்பு.
தொழில் என்ற கட்டத்தில்
யாரோ பேனாவால் எழுதியிருந்தார்கள்
உப்பளம்.

வார்டில் போன் எடுக்க ஆளில்லை.
படியேறிப் போனேன்.
கட்டிலின் இரு பக்கமும் கம்பி உயர்த்தியிருந்தது.
பாதத்தில் வெள்ளை வெள்ளையாய் வெடிப்பு.
கழற்றி மடித்த ரவிக்கையின் முதுகில்
வேர்வை காய்ந்து வரைந்த கோடுகள்,
ஒன்றன்மேல் ஒன்றாய்,
அலை விட்டுப்போன மணல் மாதிரி.

"பிரஷருக்கு உப்பக் கொறைக்கச் சொன்னாவ மக்ளே"
என்றார் பொன்னுலிங்கம்.
"இவ கொறைக்கல்ல, நிறுத்திட்டா.
கஞ்சிக்குக் கெடையாது, கறிக்குக் கெடையாது.
நீர் பிரியுத மாத்திரைய மட்டும்
நேரந் தவறாம முழுங்குவா.
பொறவு பாத்தியில போய் நிப்பா.
சித்திர வெயிலுல்லா."

அவள் பேசிக்கொண்டேயிருந்தாள்.
நர்ஸைக் கங்காணி என்றாள்.
பெட்டி எண்ணினாள்:
முப்பத்தொண்ணு, முப்பத்திரண்டு,
மறுபடியும் முப்பத்தொண்ணு.
சட்டென்று குரல் தாழ்ந்தது.
"சவுக்கைக்காரன் வாறான்.
மடிய அவுத்துக் கொட்டுங்கட்டீ.
சர்க்கார் உப்பு. கொட்டுங்க."

பொன்னுலிங்கம் என்னைப் பார்த்தார்.
நான் டியூப் லைட்டைப் பார்த்தேன்.
மகாராஜா போய், சவுக்கை போய்,
ஒரு பிடி உப்புக்குக் காவல் நின்ற காலமும் போய்
எவ்வளவோ கழித்துப் பிறந்தவள்.
யாருடைய மடி அது?
ஆரல்வாய்மொழிக் காற்றில்
எவள் இடுப்பை அழுத்திப் பிடித்தபடி நடந்தாள்?
ரத்தத்தில் உப்பு வற்றினால்
அடியில் கிடப்பது தெரியுமோ,
மணக்குடிக் காயல் வற்றுகிறபோது
புதைந்த வள்ளத்தின் விலா தெரிவதுபோல்?

பள்ளிக்கூடத்தில் உப்புக்கு ஒரு பாடம் இருந்தது.
நடைப்பயணம், ஒரு கைப்பிடி, தடியடி.
இரண்டு மதிப்பெண். எழுதி வாங்கினேன்.
தமிழ் வகுப்பில் உமணர் வண்டிகள் போயின,
மாட்டின் மணியோசை கேட்டபடி தூங்கிப்போனேன்.
சவுக்கையைப் பற்றி எவரும் சொல்லவில்லை.

டாக்டர் வந்தார்.
மூன்று சதவீத உப்புநீர். சொட்டுச் சொட்டாய்.
அவசரப்பட்டால் மூளை தாங்காது,
கெட்டது மெல்லத்தான் கெட்டது,
மெல்லத்தான் தேற வேண்டும் என்றார்.

பொன்னுலிங்கம் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"இதுல எவ்வளவு உப்பு கெடக்கு மக்ளே?"
நூறு மில்லிக்கு மூணு கிராம்.
உள்ளங்கையைக் குழித்தார்.
அதில் மூன்று கிராமைக் கற்பனை செய்தார்போல.
"இவ நகத்துக்குள்ள ஒட்டியிருக்கும் அவ்வளவு."

மூன்று மணிக்கு 112.
ஆறு மணிக்கு 114.
விடியும்போது மெஷினைத் தரப்படுத்த
அதற்கும் ஒரு குப்பி உப்புத்தண்ணீர் ஊட்டினேன்.
உப்பிட்ட பிறகுதான்
அதுவும் உண்மை பேசும்.
கான்டீனில் கிழங்கும் மீன்கறியும்.
முதல் உருண்டையை நாக்கில் வைத்து
விழுங்காமல் கொஞ்ச நேரம் இருந்தேன்.

நாலாம் நாள் 132.
கங்காணியை நர்ஸ் என்றாள்.
சவுக்கையா? என்ன எளவு அது,
நான் எங்க சொன்னேன், என்று
புருஷனைப் பார்த்துச் சிரித்தாள்.
கேட்டதற்கு இரண்டு பேர் சாட்சி.
சொன்னவள் ஊர் திரும்பிவிட்டாள்போல,
மடி காலியாய்.

டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வரி:
உப்பு, அளவோடு.
மருந்துக் கவரைக் கக்கத்தில் இடுக்கி
லேப் ஜன்னல்வரை வந்துவிட்டாள்.
"அளவோடன்னா எவ்வளவு?
நான் பெட்டியிலல்லா அளந்திருக்கேன்."

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும்
சேர்த்துக் காட்டினேன்.
ஜன்னல் கம்பியில் நெற்றி பதிய
குனிந்து பார்த்தாள்,
இடையில் ஏதாவது இருக்கிறதா என்று.